வரவுப் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம்

“இவ்வளவும் நாங்க சாப்பிட்டதா, தம்பி?”

மதினி கேட்ட கேள்வி இது. கேட்டு ஐந்து மாதம் ஆகப்போகிறது. நான் சொன்ன பதிலில் பிழை கிடையாது. கணக்குப்படி ஒரு பைசா பிசகாத பதில். தப்பாகச் சொல்லியிருந்தால் மறுநாளே போய்த் திருத்திவிட்டு வந்திருப்பேன். சரியான பதிலை எப்படித் திருத்துவது என்று தெரியாமல்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாத்தூரில் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். பட்டயக் கணக்கர் இல்லை. ஆனாலும் கடைத்தெருவில் ‘ஆடிட்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணாச்சியின் மளிகைக் கடைக்கு 22 வருடமாக நான்தான் கணக்கு. போன புரட்டாசியில் அவர் இறந்துபோனார். நெஞ்சுவலி. மதுரைக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியம் கழிந்து இரண்டு வாரத்தில், கடைக்கு மூத்த மகன் பெயரில் புதிதாக ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும் என்று மதினியும் அவனும் வந்தார்கள். வீட்டில் இருந்த நோட்டுகளையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

மேசையில் முந்தின வருடத்துக் கணக்குத் தாள் கிடந்தது. மதினி அதை எடுத்துப் பார்த்தார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நிறுத்தி, “எடுப்புன்னா என்ன?” என்றார். கடைப் பணத்திலிருந்து முதலாளி தன் சொந்தத்துக்கு எடுப்பது, வீட்டுச் செலவு மாதிரி, என்றேன். 5,12,400 ரூபாய். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அந்தக் கேள்வி.

“சொந்தச் செலவு எல்லாமே அந்த ஒரே தலைப்புலதான் வரும், மதினி. சட்டம் அப்படி.”

“ஓ.”

தாளை மேசைமேல் வைத்தார். சேலைத் தலைப்பால் மேசையின் ஓரத்தைத் துடைத்தார். அங்கே தூசி இல்லை.

நான் இத்தனை வருடமாகச் செய்துவந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். அண்ணாச்சி தினமும் நாள்வழி எழுதுவார். சில செலவுகளுக்குப் பக்கத்தில் மட்டும் ‘ஊ’ என்று ஓர் எழுத்தைச் சுழித்திருப்பார். ஊ என்றால் ஊர். வேன் வாடகை 600, ஊ. பரீட்சைப் பணம் 145, ஊ. வேட்டி 1, மூங்கில், பால், பூ, ஊ. இவற்றை வியாபாரச் செலவாகக் காட்டி லாபத்தில் கழிக்க வரிச் சட்டத்தில் இடமில்லை. அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்து ரசீது வாங்கியிருந்தால் 80ஜி பிரிவில் கழிவு கேட்டிருக்கலாம். ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய்க்குமேல் அதுவும் கிடையாது. பெயர் தெரியாத ஒரு பெரியவரின் உடலுக்குப் போர்த்திய வேட்டிக்கு யார் ரசீது தருவார்கள்? அதனால் வருட முடிவில் ‘ஊ’ போட்ட எல்லாவற்றையும் கூட்டி, வீட்டு அரிசி, மகளின் கல்லூரிக் கட்டணம், மதினியின் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து, ‘எடுப்பு’ என்ற ஒரே வரியில் போட்டுவிடுவேன். சட்டத்தின் கண்ணில் அண்ணாச்சி ஊருக்குக் கொடுத்ததும் வீட்டுக்குக் கொடுத்ததும் ஒன்றே. இரண்டும் அவர் தனக்காக எடுத்துக்கொண்டது.

அந்த 5,12,400 ரூபாயில் வீட்டுக்குள் நுழைந்தது பாதிகூட இருக்காது. மீதியை ஊர் சாப்பிட்டது. அது வீடு சாப்பிட்டதாக என் கையால் எழுதப்பட்டிருக்கிறது, 22 வருடமாக.

மதினியிடம் இதை அன்றே சொல்லியிருக்கலாம். ‘நீங்க சாப்பிட்டது இல்ல மதினி, பாதி ஊருக்குப் போனது’ என்று ஒரு வார்த்தை. வாய்வரை வந்தது. மகன் பக்கத்தில் இருந்தான். செத்துப்போனவர்மேல் ஒரு குறையாக அது கேட்டுவிடுமோ என்று தயங்கினேன். அந்தத் தயக்கத்தில் சட்டத்தைச் சொல்லித் தப்பித்தேன்.

அண்ணாச்சியின் பேரேட்டை அன்றைக்குத்தான் முதல்தடவை திறந்து பார்த்தேன். என்னிடம் அவர் கொண்டுவந்ததெல்லாம் நாள்வழிகளும் பில் கட்டுகளும்தான். பேரேடு சிவப்புத் துணி ஒட்டிய அட்டை போட்ட தடித்த நோட்டு; முதல் பக்கத்தில் மஞ்சள் வைத்துப் பிள்ளையார் சுழி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு பக்கம். சாமான் வாங்கினால் பற்று, பணம் கட்டினால் வரவு. கறிக்கடைக்காரர், தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர், பள்ளிக்கூட ஆயா என்று புரட்டிக்கொண்டே போனால், கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு பக்கத்துக்குத் தலைப்பு ‘ஊர்’. கடன் வாங்கும் ஓர் ஆளுக்குத் திறப்பதுபோலவே ஊருக்கும் ஒரு கணக்குத் திறந்து வைத்திருக்கிறார். பற்று, பக்கம் பக்கமாக ஓடுகிறது. வரவுப் பத்தி முழுவதும் வெறும் கோடுகள். ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு வரி.

எலுமிச்சம்பழம் 1.

தேதி இல்லை. தொகை எழுதும் இடத்தில் சிறு கோடு.

மதினி எட்டிப் பார்த்தார். “இது யாரு குடுத்தது?” எனக்குத் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை. “அவுகளுக்குப் புளிப்பே ஆகாதே. பல்லு கூசும்பாக” என்றார். கொஞ்சம் கழித்து, நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், “வீட்டுக்கு வரலையே” என்றார்.

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்று பல தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை என்றே தோன்றுகிறது. சந்தைக்குப் போனவர் பையில் ஒரு சாமான் குறைகிறதே என்று கேட்பதுபோல்தான் இருந்தது.

அண்ணாச்சியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு அப்படி ஒருவரைத் தெரிந்திருக்கும். விடியற்காலை ஐந்தரைக்குக் கடை திறப்பார். போன் வரும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்விடுவார். ஷட்டர் பாதியில் நின்றால் அண்ணாச்சி ஊர் வேலையாகப் போயிருக்கிறார் என்று அர்த்தம். வாடிக்கைக்காரர்கள் குனிந்து உள்ளே போய், வேண்டியதைத் தாங்களே நிறுத்து எடுத்துக்கொண்டு, காசை எடைக்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார்கள். சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. எந்த ரத்த வகைக்கு யாரைக் கூப்பிடுவது என்று அதில் இருக்கும். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடி கடைசி வெள்ளிக்கு நடந்து வரும் கூட்டத்துக்கு மோர்ப்பந்தல் போடுவார். யாரும் தேடி வராத உடல்களை போலீஸ் கடிதம் கொடுத்து ஒப்படைத்தால், வாங்கி அடக்கம் செய்வதும் அவர்தான். அவற்றுக்கு வாய்க்கரிசி போடுவதற்குத் தன் கடையில் இருப்பதிலேயே நல்ல பொன்னி அரிசியில் ஒரு பிடி எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போவார். நாள்வழியில் அதையும் எழுதியிருக்கிறார்: அரிசி 1 பிடி, ஊ. அதற்கும் தொகை இல்லை. கூட்டலில் சேராது என்பதால் நான் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவேன்.

இப்போது அந்த ‘1 பிடி’ என்னைத் தாண்டவிடவில்லை.

என் அப்பத்தா அடுப்படியில் ஒரு சின்ன மண்கலயம் வைத்திருந்தாள். உலை வைக்கும் முன் அரிசியை அளக்கிறபோது, அதிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவாள். தினமும். வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போவார். கோயில் மடத்துக்கு என்று சொல்வார்கள். மழை பொய்த்த ஒரு வருடம். எங்கள் பகுதி அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. வானம் பார்த்த கரிசல் பூமி, மழை இல்லையென்றால் வேலையும் இல்லை. அப்பா தானியக் கடையில் அளவு போடுகிற ஆள். அளக்கும்போது ‘ஒண்ணு’ என்று தொடங்க மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு என்று அப்பா ராகமாக எண்ணுவதை நான் கடை வாசலில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அந்த வருடம் அவர் எண்ணுவதற்கு மூட்டை வரவில்லை. இரவில் கேப்பைக் கூழ் மட்டும். கலயத்தில் அரிசி இருக்கிறதே என்று நான் அழுதேன்.

“அது நம்ம அரிசி இல்லய்யா” என்றாள் அப்பத்தா.

நம் வீட்டுப் பானையிலிருந்து, நம் அப்பத்தா கையால், நான் பார்க்க எடுத்துப் போட்ட அரிசி எப்படி நம்முடையது இல்லாமல் போகும்? எனக்கு விளங்கவில்லை. இரவு எல்லோரும் தூங்கியபிறகு எழுந்துபோய், கலயத்துக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பச்சையாகவே மென்று தின்றேன். அரிசி மெல்லுகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தும் எழாமல் கிடந்தார்களோ என்னவோ. அம்பது வருடம் ஆகப்போகிறது, இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்த ஒரு பிடியை யாரிடமிருந்து எடுத்தேன் என்று இப்போது யோசிக்கிறேன். மடத்திடமிருந்தா, அப்பத்தாவிடமிருந்தா? அப்பத்தாவின் பேச்சுப்படி மடத்திடமிருந்து. என் வயிற்றின் பேச்சுப்படி, எனக்கு வந்திருக்க வேண்டியதை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். மதினியின் பிள்ளைகள் இப்படி ஏதாவது எடுத்திருப்பார்களா? அண்ணாச்சியின் கல்லாவில் கணக்கு உதைத்த நாட்கள் உண்டு. “பையன் எடுத்திருப்பான், வீட்டுச் செலவுல எழுதிரு” என்பார். நானும் எழுதிவிடுவேன். அதுவும் எடுப்புதான்.

எங்கள் பக்கத்து வியாபாரிகளுக்குக் கொடுப்பது ஒன்றும் புதிதில்லை. மகமை என்று அதற்கு ஒரு முறையே வைத்திருந்தார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று விகிதம் குறித்து, வியாபாரம் நடக்கும்போதே தனியாக எடுத்துவைத்துவிடுவது. லாபம் வந்தபிறகு மனம் இருந்தால் தருகிற தர்மம் அல்ல அது. விருதுநகரில் மகமையிலிருந்து பள்ளிக்கூடங்களே எழுந்தன. அங்கே காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா, வீட்டுக்கு வீடு வாங்கிய பிடி அரிசியிலும் நடந்த பள்ளி. செட்டிநாட்டு வட்டிக்கடைக்காரர்கள் சாமி பெயருக்கே பேரேட்டில் ஒரு கணக்குத் திறந்து அதில் மகமையை வரவு வைப்பார்கள். அண்ணாச்சிக்கு ஊர் பெயரில் கணக்குத் திறக்கும் யோசனை அந்தப் பழக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மகமையில் எனக்குப் பிடித்தது அதன் அளவு. மூட்டைக்கு இவ்வளவு என்றால் அவ்வளவுதான். அதற்குமேல் ஊர் கேட்காது. அதற்குக் கீழே வியாபாரி குறைக்க மாட்டான். மீதி வீட்டுக்கு என்று மனைவிக்கும் தெரியும். அப்பத்தாவின் பிடியும் அப்படித்தான், கைக்கு அடங்கிய அளவு. அண்ணாச்சியிடம் ஒருதடவை இதைச் சொன்னேன். “வியாபாரத்துல இவ்வளவு சதவீதம் ஊருக்குன்னு ஒதுக்கிருங்க அண்ணாச்சி. அது தீர்ந்தா, அந்த மாசம் இல்லைன்னு சொல்லிருங்க.” சிரிக்கவில்லை, யோசித்தார். “ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தன் பொண்டாட்டிக்குப் பிரசவ வலின்னு வந்து நிக்கான். இந்த மாசத்து ஒதுக்கீடு தீர்ந்துருச்சுன்னு எப்படித் தம்பி சொல்ல?” என்றார். எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. மகமை பள்ளிக்கூடம் கட்டும். ராத்திரி இரண்டு மணிக்கு வேன் ஓட்டாது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஒரு வீடு இருக்கும்.

அந்த வீட்டுக் கதவைத் திறந்து விடுவது யார்? இரண்டு மணிக்கு எழுந்து விளக்கைப் போட்டு, சட்டையை எடுத்துக் கொடுத்து, அவர் போனபிறகு தாழ் போட்டுவிட்டு, அவர் வரும்வரை தூங்காமல் படுத்திருப்பது யார்? எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எழுதுவதற்கு ஒரு பத்தி இல்லை.

காமராஜரைப் பற்றி எப்போதோ நூலகத்தில் படித்தது ஞாபகம் வருகிறது. 1957, 1962 தேர்தல்களில் அவர் நின்று ஜெயித்தது எங்கள் சாத்தூர்த் தொகுதியில். 1975 அக்டோபர் 2, அவர் இறந்த அன்று எனக்கு ஏழு வயது. அப்பா அழுததை அன்றுதான் முதல்தடவை பார்த்தேன். காமராஜரும் கடையில் இருந்து போனவர்தான். சின்ன வயதில் மாமாவின் துணிக்கடையில் உட்காரவைத்தார்கள். கூட்டம் நடக்கிறது என்றால் கடையை விட்டுவிட்டு ஓடிவிடுவார். திருவனந்தபுரத்தில் இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வைக்கம் போராட்டத்துக்குப் போனார். முதலமைச்சர் ஆனபிறகு விருதுநகரில் இருந்த தாயார் சிவகாமி அம்மாளுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பியதாகவும், போதவில்லை, கொஞ்சம் கூட்டித் தரச் சொல்லி அந்த அம்மாள் சொல்லி அனுப்பியும் அவர் கூட்டவில்லை என்றும் படித்ததாக நினைவு. வீட்டுக்கு நகராட்சி தனியாகக் கொடுத்த குடிநீர்க் குழாயை எடுக்கச் சொல்லிவிட்டார் என்பதும் எல்லோரும் சொல்கிற கதை.

சின்ன வயதில் இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. இப்பொழுதும் சிலிர்க்கிறது. ஆனால் இப்போது கண் அவர்மேல் மட்டும் நிற்கவில்லை. விருதுநகரில் நினைவு இல்லமாக இருக்கும் அந்தச் சின்ன வீட்டுக்குள் நான் போயிருக்கிறேன். குழாயை எடுத்தபிறகு அந்த வயதில் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு யார் போயிருப்பார்கள் என்று அங்கே நின்றுகொண்டு யோசித்தேன். மகன் உலகம் போற்றும் நேர்மைக்காரர். அந்த நேர்மையில் ஒரு குடம் தண்ணீர் அளவு தாயுடையது. மகன் துறந்தார், தாய் துறந்தாரா, அவரிடமிருந்து துறக்கப்பட்டதா? எந்தப் புத்தகத்திலும் இதற்கு நான் விடை பார்க்கவில்லை. காமராஜர் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. சரி என்று முழுசாகச் சொல்லவும் இப்போது முடியவில்லை.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன்.

கணக்குக்காரனின் புத்தி, அந்த ஒரு வரிக்குத் தேதி கட்டப் பார்த்தேன். வெறுமையாக இருக்கும் வரவுப் பத்தியில் முதல் வரவு வந்தால் யாரும் மேலே முதல் கோட்டில்தான் எழுதுவார்கள். அண்ணாச்சி அப்படி எழுதவில்லை. பக்கத்தின் நடுவில் எழுதியிருக்கிறார். அதற்கு நேர் எதிரே பற்றில் இருப்பது 2012 செப்டம்பர். ‘முதலிபட்டி. வேன், மதுரை, 2 நடை.’

2012 செப்டம்பர் 5. சிவகாசிப் பக்கம் முதலிபட்டியில் பட்டாசு ஆலை வெடித்த நாள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே அல்ல. முதல் வெடிச் சத்தமும் புகையும் பார்த்து, பார்க்கவும் காப்பாற்றவும் ஓடிப்போய் அடுத்த வெடிப்பில் சிக்கியவர்கள். போன் வந்தபோது அண்ணாச்சியின் கடையில் சரக்கு லாரி நின்றிருக்கிறது. மூட்டை எண்ணி இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். எண்ணி முடித்துவிட்டுக் கிளம்பினார். “பிந்திப் போயிட்டேன் தம்பி, மூட்டை எண்ணிக்கிட்டு இருந்துட்டேன்” என்று அந்த வருடக் கணக்கு முடிக்க வந்தபோது சொன்னார். அந்த மூட்டைகள்தான் அவரைக் காப்பாற்றின என்று நான் சொன்னேன். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன யாரோ ஒருவரின் தாயோ மனைவியோ பிறகு கடைக்கு வந்து அந்தப் பழத்தைக் கொடுத்திருக்கலாம். பெரியவர்களைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். இல்லாதவர்களுக்கும் அது கட்டுப்படியாகும். இப்படி ஒரு காட்சியை மனதுக்குள் கட்டிவிட்டேன். அந்தப் பெண்ணின் சேலை நிறம்வரை.

ஆனால் மை ஒத்துவரவில்லை. சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காராச்சேவும் வெள்ளரிப் பிஞ்சும். எங்களுக்குப் பேனா நிப்பும் உண்டு. வீட்டுக்கு வீடு, பட்டறை பட்டறையாக நிப்பு அடித்த ஊர் இது. பந்துமுனைப் பேனா வந்து அந்தத் தொழிலைத் தின்றது. அண்ணாச்சி பிடிவாதமாக மைப் பேனாவில்தான் எழுதுவார். 2010 வாக்கில் அவரும் விட்டுவிட்டார். நாள்வழிகளைப் பார்த்தால் அந்த மாற்றம் தெரியும். 2012 பற்றெல்லாம் பந்துமுனைப் பேனாவில் இருக்கிறது. எலுமிச்சம்பழம் கருநீல மையில் இருக்கிறது. அப்படியென்றால் முதலிபட்டிக்கு முன்பே எழுதியதா? முன்பே என்றால் ஏன் பக்கத்தின் நடுவில்? அல்லது அந்த ஒரு வரிக்காகப் பழைய பேனாவைத் தேடி எடுத்து மை நிரப்பி எழுதினாரா? பேரேட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கடைத்தெருவில் பழைய ஆட்கள் நாலைந்து பேரிடம் கேட்டேன். பூக்கடைக்காரம்மா, “எலுமிச்சம்பழம் யார்தான் குடுக்கல அவுகளுக்கு? கோயில் கொடைக்குக் கொடை குடுத்திருக்கு” என்றார். அது உண்மைதான். எத்தனையோ மேடையில் அவருக்கு மாலையும் சால்வையும் எலுமிச்சம்பழமும் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்றைக்கூட வரவு வைக்கவில்லை. இந்த ஒன்றை வைத்திருக்கிறார்.

வேறொரு யோசனையும் வருகிறது. சொல்லத் தயக்கம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் எங்கள் ஊர்த் தீப்பெட்டியும் ஏற்றிக்கொண்டு லாரியில் போனார். அவர் அங்கே இருக்கும்போது இங்கே மகளுக்குப் பிரசவம். பேரன். பிறந்த குழந்தையின் நாவில் முதல் இனிப்பாகச் சேனை வைக்க வேண்டியது தாத்தா. அந்தப் பக்கமெல்லாம் செல்போன் கோபுரங்கள் சாய்ந்து கிடந்தன. செய்தி போய்ச் சேரவே மறுநாள் ஆனது. மதினிதான் சேனை வைத்தார். திரும்பி வந்த அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகாமல் முதலில் கடைக்கு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஷட்டர் பாதியில் நின்றதைப் பார்த்து நான் எட்டிப் பார்த்தேன். பேரேடு அவர் மடியில் இருந்தது. என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு எழுதியிருந்தால் மை என்ன ஆகிறது, பக்கத்தின் நடுவில் இருப்பது என்ன ஆகிறது என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. மதினி சொன்ன ‘வீட்டுக்கு வரலையே’ தான் திரும்பத் திரும்ப அந்த நாளுக்கு என்னை இழுக்கிறது.

1984-இல் பதினோராம் வகுப்பில் கணக்குப்பதிவியல் வாத்தியார் முதல் நாள் சொல்லிக்கொடுத்த விதி: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு. பற்று ஒன்று இருந்தால் அதற்கு ஈடாக எங்கோ ஒரு வரவு இருந்தே தீர வேண்டும். ஊர் பெற்றது, ஊர் கணக்கில் அண்ணாச்சி ஒழுங்காகப் பற்று எழுதிவிட்டார். தந்தவர் யார்? அண்ணாச்சி என்று ஊர் சொல்கிறது. இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். மதினி பெண்கள் வரிசையில் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

இப்போது மார்ச் கடைசி. வருடக் கணக்கு முடிக்க வேண்டும். அண்ணாச்சி உயிரோடு இருந்த ஆறு மாதத்துக்கு ‘எடுப்பு’ எழுத வேண்டும். வரித்துறைக்கு ஒரே வரி போதும். ஆனால் கடையில் வைத்துக்கொள்ளும் பிரதியில் அதை இரண்டாகப் பிரித்து எழுதலாமே, வீடு தின்றது இவ்வளவு, வீடு தந்தது இவ்வளவு என்று மதினி விரல் வைத்துப் பார்க்கும்படி எழுதலாமே என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை 22 வருட நாள்வழிகளையும் தரையில் பரப்பி ‘ஊ’ போட்ட வரிகளை மட்டும் தனியே எடுக்க உட்கார்ந்தேன். ‘அரிசி 1 பிடி’ வரிகளையும் இந்தத் தடவை விடவில்லை. மூன்று வருடம் முடித்தேன்.

நாலாவது வருடத்தில் கை நின்றுவிட்டது. தந்தவர் கணக்கில் வரவு என்றால், வீட்டுக்கு வரவு வைக்கும் முன் வீடு தந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதினி மனதறிந்து தந்தாரா, கேட்காமல் எடுத்துக்கொண்டதா? தந்திருந்தால் அந்த வரவு அவருக்குப் பெருமை. எடுத்துக்கொண்டதாக இருந்தால், இத்தனை வருடம் கழித்து, செத்துப்போனவரின் கணக்கில், ‘நீங்கள் தந்தீர்கள்’ என்று நான் எழுதிக் கொடுப்பது இன்னொரு தடவை கேட்காமல் எடுத்துக்கொள்வதாக ஆகும். அப்பத்தாவின் கலயத்தைப் பற்றி அப்பத்தாதான் சொல்ல முடிந்தது, அது நம்முடையது இல்லை என்று. அதே கலயத்தைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் இருந்தது.

மதினியிடம்தான் கேட்க வேண்டும். வீடு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறது. இந்த வாரத்தில் இரண்டு தடவை அந்தத் தெரு முனைவரை போனேன். எந்த வார்த்தையில் கேட்பது என்று வரவில்லை. நாள்வழிகள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. பேரேட்டை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன்.